வெறுநிலமும் திணைநிலமும்: மிருகக்காட்சிச்சாலை அமைக்கும் கணினி விளையாட்டுகள் பற்றிய ஒரு நோக்கு

படைப்பொன்றின் உலகநோக்கை அறிய விழைவோர் அதன் முடிவினை ஆராய்வதிலும் தொடக்கத்தினை ஆராய்தல் பெரும்பாலும் பயன் தருவதாகும். கம்பர் தம் காப்பியத்தை ஆற்றுப்படலத்திலே தொடங்குகிறார். ஆறு கடந்து நாட்டுக்கும், நாடு கடந்து நகருக்கும் வந்த பின்னரே அரசனைக் காட்டுகிறார். நீர் முதலாவது, நீரால் நிலம், நிலத்தால் மக்கள், மக்களுக்குப் பின்னரே ஆட்சி என்னும் இவ்வொழுங்கு, உலகம் எதன்மேல் நிற்கிறது என்பது பற்றிய ஒரு தீர்மானம். கவிஞன் தன் முதற் பாடல்களிலேயே அதனைச் செய்துவிடுகிறான்.

இன்று பல்கலைக்கழக மாணவர் விடுதிகளில் இரவு நெடுநேரம் ஒளிரும் கணினித் திரைகளில் நிகழும் விளையாட்டுகளும் இவ்வகைத் தீர்மானங்களின்மேல் எழுந்தவையே. கவிதை, நாவல், நாடகம், திரைப்படம் என விரிந்து வந்த தமிழ்த் திறனாய்வு இவற்றை இதுகாறும் பெரிதும் பொருட்படுத்தவில்லை. விளையாட்டுத்தானே என்ற எண்ணம் இதற்குக் காரணமாகலாம். கூத்தையும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தனர் என்பதை யாழ்ப்பாணத்து அறிஞருலகம் மறந்திருக்க இயலாது. மிருகக்காட்சிச்சாலையொன்றை அமைத்து நடத்தும் விளையாட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, புதிதாகத் தொடங்குபவன் முதலில் யாது செய்யவேண்டியிருக்கிறது என்ற ஒரே வினாவினூடாக அவற்றை நோக்குவது இக்கட்டுரையின் எல்லை.

இவ்வகையில் பெரும்புகழ் பெற்ற முதல் விளையாட்டு ‘ஸூ ரைக்கூன்’ ஆகும். புளூ ஃபாங் கேம்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் ஆக்கியதனை மைக்ரோசொஃப்ற் நிறுவனம் 2001 ஒக்ரோபரில் வெளியிட்டது. ‘ரைக்கூன்’ என்ற சொல் பெருவணிகனைக் குறிப்பது. எனவே ஆட்டக்காரன் விலங்கியலாளனாகவோ காப்பாளனாகவோ அன்றி முதலாளியாகவே களத்தில் இறங்குகிறான் என்பது பெயரிலேயே வெளிப்படை. தொடங்கும்போது அவன் முன் இருப்பவை மூன்று: ஒரு புல்வெளி, ஒரு நுழைவாயில், ஒரு தொகைப் பணம். புல்வெளியில் வீடில்லை, கிணறில்லை, கோயிலில்லை, வழித்தடமில்லை. அதற்கு முன்னர் அங்கு எவர் வாழ்ந்தனர் என்ற வினா எழுவதற்கு இடமேயில்லை. பாதையிடுதல் அவன் கற்கும் முதற் பாடங்களுள் ஒன்று. சுட்டியை இழுத்த மாத்திரத்தில் பாதை உண்டாகிறது. (இவ்விளையாட்டு வெளிவந்த காலத்தில் குடாநாட்டை நாட்டின் ஏனைய பகுதியோடு இணைக்கும் ஏ9 நெடுஞ்சாலை மூடிக்கிடந்தது, 2002 இலேயே அது மீண்டும் திறக்கப்பட்டது.)

புதியவன் பொதுவாகச் செய்யும் பிழை ஆசையினால் விளைவது. நுழைவாயிலிலிருந்து வெகு தொலைவில் பெரியதோர் அடைப்பை எழுப்பிச் சிங்கத்தையோ யானையையோ வாங்கிவிடுகிறான். பணம் கரைகிறது, பார்வையாளர் அவ்வளவு தூரம் நடந்து களைக்கின்றனர், பசித்தவர்க்குச் சிற்றுண்டிச்சாலை இல்லை, மலசலகூடம் இல்லை. பழகியவர்கள் இதற்கு மாறாகக் காலத்தை நிறுத்திவைத்துக்கொண்டு தொடங்குவர். ஆட்டம் நின்றிருக்கையிலும் கட்டுமானம் செய்யலாம் என்பதால், வாயிலுக்கு அண்மையில் ஓரிரு அடைப்புகளை முழுமையாக முடித்து, விலங்குப் பராமரிப்பாளர் ஒருவரை அமர்த்தி, அதன்பின்னரே நாளை ஓடவிடுவர். வேலியை முதலில் இட்டு, நிலத்தைப் பின் திருத்தி, விலங்கை இறுதியில் விடுவதே முறை. பழுதுபார்க்கப்படாத வேலி காலப்போக்கில் உடையும், உடைந்தால் விலங்கு வெளியேறும், பார்வையாளர் சிதறியோடுவர்.

இவ்வளவில் நின்றிருந்தால் இது கடை நடத்தும் கணக்குப் பயிற்சியாக மட்டும் முடிந்திருக்கும். அதனை உயர்த்துவது நிலத்தைத் திருத்தும் பகுதியாகும். ஒவ்வொரு விலங்கும் தனக்குரிய நிலத்தை வேண்டுகிறது. சிங்கத்துக்கு வெப்பவலயப் புல்வெளி மிகுதியாகவும், மணலும் மண்ணும் நன்னீரும் சிறிதளவாகவும் அமையவேண்டும். பனிக்கரடிக்குப் பனியும் உவர்நீரும் வேண்டும். பொருந்தாத மரத்தை நட்டால் சிவந்த வாடிய முகமும், பொருந்தியதை நட்டால் பச்சை நிறச் சிரித்த முகமும் திரையில் தோன்றும். எத்தனை பங்கு எந்நிலம் என்ற அளவு வெளிப்படையாகச் சொல்லப்படுவதில்லை. பராமரிப்பாளரின் குறிப்புகளையும் முகக்குறிகளையும் கொண்டு ஆட்டக்காரன் உய்த்துணர வேண்டும். பார்ப்போர் கண்ணுக்கு இனியது யாது என்பதற்கு முன்னர் அவ்வுயிருக்கு இனியது யாது என்று கேட்கும் ஒழுக்கம் இங்குப் பயிலப்படுகிறது. இவ்விளையாட்டின் மெய்யான சிறப்பு இதுவே.

தமிழ் பயின்றோர்க்கு இவ்வொழுங்கு புதியதன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்திற் பிறந்து வாழ்பவை கருப்பொருள். அவற்றோடு இயைந்த மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள் என்பது தொல்காப்பியம் வகுத்த முறை. மானும் முல்லையும், எருமையும் மருதமும், சுறாவும் நெய்தலும் ஒன்றையொன்று வேண்டி நிற்பன. பொருந்தாத மரத்தை நட்டவன் முன் தோன்றும் சிவந்த முகத்தைத் திணைமயக்கத்துக்கான எச்சரிக்கை என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆயின் ஒப்புமை இவ்விடத்தோடு முறிந்துவிடுகிறது. முறியும் இடமே கவனத்துக்குரியது. கருப்பொருள்களென இலக்கணம் எண்ணுபவற்றுள் உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றை விளையாட்டு ஏற்றுக்கொள்கிறது. தெய்வம், பறை, தொழில், யாழ் ஆகியவற்றை விட்டுவிடுகிறது. விடப்பட்டவை யாவும் மாந்தர் சார்ந்தவை. சிங்கம் வாழும் புல்வெளியில் மாடு மேய்ப்பவனுக்கும், கரடி வாழும் பனிவெளியில் மீன் பிடிப்பவனுக்கும் இடமில்லை. இயற்கை என்பது மனிதர் நீங்கிய இடம் என்னும் கருத்து, எவரும் வாய்திறந்து சொல்லாமலே ஆட்டத்தின் விதியாகிவிடுகிறது.

திணைக் கோட்பாட்டை வெறும் இயற்கை வருணனையாகக் கொள்ளும் போக்கைக் கார்த்திகேசு சிவத்தம்பி 1974 இல் வெளியிட்ட ஆங்கிலக் கட்டுரையில் மறுத்து, நிலங்களிடையே நிலவிய சமனற்ற பொருளாதார வளர்ச்சியின் தடயங்களை அதிற் காட்டினார். அவர் காட்டிய வழியிற் செல்பவருக்கு விளையாட்டின் குறை மேலும் தெளிவாகும். திணை என்பது உழைப்பு நிகழும் நிலம். விளையாட்டின் நிலமோ காட்சிக்குரிய நிலம். இன்னொரு வேறுபாடும் உண்டு. தொல்காப்பியர் நிலம் பகுக்கையில் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தவிடத்துப் பாலையாம் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். அதாவது பாலை ஓர் இடமாக இராது, நிலத்துக்கு நேரும் ஒரு நிலைமையாகும்; கோடையோடு வந்து மழையோடு நீங்குவது. விளையாட்டில் பாலை ஒரு நிறம். பட்டியலிலிருந்து தெரிந்தெடுத்துப் பூசப்படுவது. பூசியபின் எக்காலத்தும் மாறாதது. இருபது நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட மரபொன்று வறட்சியை நிகழ்வாக அறிந்திருந்தது; கணினியின் புதுக்கருவி அதனைப் பொருளாக மட்டுமே அறிகிறது.

இக்குறை விளையாட்டை ஆக்கியோரின் தனிக்குறையன்று. மிருகக்காட்சிச்சாலை என்னும் நிறுவனமே அவ்வாறுதான் தொடங்கியது. சென்னையில் எட்வேட் பல்ஃபோர் 1855 இல் விலங்குச்சாலை தொடங்குவதற்குத் தூண்டுகோலாயிருந்தது, அருங்காட்சியகத்தில் உயிருள்ள விலங்குகளை வைத்தபோது பார்வையாளர் தொகை பெருகியமையே. பின்னர் பலமுறை வளர்ந்தும் இடம்மாறியும் அது 1985 இல் வண்டலூருக்குச் சென்றது. ஜெர்மானிய விலங்கு வணிகரான கார்ல் ஹாகன்பெக் 1907 இல் ஹம்பேர்க் நகருக்கு அருகே கம்பியில்லாத திறந்த அடைப்புகளை அமைத்தார். பார்ப்போன் கண்ணுக்குப் புலப்படாத அகழிகள் கம்பிகளின் பணியைச் செய்தன. இன்றைய விளையாட்டுகளின் அழகியல் முழுவதும் அந்த அகழியிலிருந்து பிறந்ததே: தடை இருக்க வேண்டும், தெரியலாகாது. அதே ஹாகன்பெக் நிறுவனம் 1880களில் இலங்கை மாந்தரையும் யானைகளையும் ஒன்றாக ஐரோப்பிய நகரங்களுக்குக் கொண்டுசென்று காட்சிக்கு வைத்தது. கருப்பொருளிலிருந்து மனிதன் நீக்கப்படாத ஒரே இடம் அக்காட்சி. நீக்கப்படாமைக்குக் காரணம் அவன் விலங்கோடு விலங்காக எண்ணப்பட்டமை. அக்குடும்பத்தைச் சேர்ந்த ஜோன் ஹாகன்பெக் கொழும்பில் தங்கி விலங்கு வணிகம் செய்தவர். அவ்வணிகத்தின் வழிவந்த விலங்குத் தொகுதி 1936 இல் அரசின் கைக்கு மாறி, பின்னாளில் யாழ்ப்பாணத்துப் பாடசாலை மாணவர் சுற்றுலாவாகச் சென்று கண்ட தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையாயிற்று.

2019 நவம்பரில் ஃபுறொன்ரியர் டிவலப்மென்ற்ஸ் என்னும் பிரித்தானிய நிறுவனம் வெளியிட்ட ‘பிளனற் ஸூ’ முன்னையதிலும் பன்மடங்கு நுண்மையானது. அதன் கதைப்பகுதியின் முதற் பாடம் குட்வின் மாளிகை என்னும் ஆங்கிலப் பிரபுக்குலத் தோட்டமனையில் நிகழ்கிறது. பிரபுக்களின் பொழுதுபோக்கு விலங்குத் தொகுதிகளே ஐரோப்பிய மிருகக்காட்சிச்சாலைகளின் மூலம் என்பதை ஆக்கியோர் அறிந்தே இவ்விடத்தைத் தெரிந்தனரோ, வெறும் அழகுக்காகத் தெரிந்தனரோ, தெரிவு மட்டும் பொருத்தமானது. இங்கு விலங்கின் நலன் ஊட்டம், கூட்டம், வாழிடம், மனக்கிளர்ச்சி எனப் பகுத்து அளக்கப்படுகிறது. குளிரும் வெப்பமும் கணக்கிடப்படும்; நெருங்கிய இரத்த உறவுடையவை இணைந்தால் குட்டிகளின் உடல் நலம் குன்றும்; நலன் குன்றிய விலங்கைக் கண்டால் எதிர்ப்பாளர் பதாகையோடு வந்துவிடுவர். புதியவன் இடறும் இடங்களும் அதற்கேற்பப் பெருகியுள்ளன. அடைப்பின் கதவைப் பணியாளர் பாதையோடு இணைக்க மறந்துவிடுவான். பராமரிப்பாளருக்குரிய குடிலை அமைக்காமல் விலங்கை இறக்குவான். வந்த விலங்கு தொற்றுத்தடுப்பு நிலையத்திற் காத்திருக்க, உணவின்றி ஏனையவை வாடும். சிறிய, ஒன்றோடொன்று பூசலிடாத விலங்குகளோடு தொடங்குவதே அறிவுடைமை. பலர் கூடி ஆடும் முறையில் அரிய விலங்குகளைப் பாதுகாப்புப் புள்ளிகள் என்னும் தனி நாணயம் கொண்டே பெறல் வேண்டும். அது கையில் இல்லாத புதியவன் பணத்துக்குக் கிடைக்கும் மயில், தீக்கோழி போன்றவற்றோடு தொடங்குவான். உலகின் பெருஞ்சந்தையில் மயில் ஏழையின் விலங்காகிவிட்ட விந்தை குறிஞ்சித் தெய்வத்தை அறிந்தவர்க்குச் சிறிது முறுவலை வருவிக்கலாம்.

ஆழ்ந்து நோக்கவேண்டியது பணியாளரின் நிலையாகும். ‘பிளனற் ஸூ’வில் பராமரிப்பாளர், மிருக வைத்தியர், திருத்துநர், துப்புரவாளர், காவலர், விற்பனையாளர் எனப் பலர் உளர். அவர்கள் களைப்பர், ஓய்வறை இல்லையேல் மனம் வாடுவர், வேலைப்பளு மிகுந்தால் விலகியும் செல்வர். உழைப்பை இவ்வளவு விரிவாக எண்ணிப் பார்த்த விளையாட்டு பாராட்டுக்குரியது. ஆனால் அவ்வுழைப்பு நிகழும் கட்டடங்கள் பார்வையாளரின் கண்ணிற்படின் பார்வையாளர் மகிழ்ச்சி குறையும் என்பதும் விதி. மின்மாற்றியும், நீர் சுத்திகரிக்கும் நிலையமும், பணியாளர் ஓய்வறையும் ஒரே பட்டியலில் அடங்குகின்றன. யாவும் மறைக்கப்பட வேண்டியவை. ஆகவே நன்கு ஆடுபவன் அவற்றைக் குன்றுக்குப் பின்னும் மரச்செறிவுக்குப் பின்னும் ஒளித்துவைக்கக் கற்கிறான். ஹாகன்பெக்கின் அகழி கம்பியை மறைத்தது. இவ்விளையாட்டு தொழிலாளியையும் மறைக்கிறது. ‘ஸூ ரைக்கூன்’ செய்யாத இதனை அதனினும் நுண்மையான படைப்பு செய்திருத்தல் கருதத்தக்கது. நுண்மை பெருகுந்தோறும் மனிதநேயமும் பெருகும் என்ற எளிய நம்பிக்கைக்கு இது சான்றாகவில்லை.

இவ்விளையாட்டுகளை யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து ஆடுபவர்க்குத் தம் நிலத்தின் பழங்கணக்கு ஒன்றும் நினைவுக்கு வரவேண்டும். ஆனையிறவு என்னும் இடப்பெயர் காரணமின்றி எழுந்ததன்று. ஒல்லாந்தர் காலத்தில் வன்னியிற் பிடிக்கப்பட்ட யானைகள் அவ்வழியாகக் குடாநாட்டுக்குட் கொண்டுவரப்பட்டு, யாழ்ப்பாணத்தில் விற்கப்பட்டு, ஊர்காவற்றுறையிலிருந்து கோல்கொண்டாவுக்கும் வங்கத்துக்கும் கப்பலேறின. திரையில் யானையை வாங்குபவன் அது எவ்விடத்திலிருந்து, எவரது கையால் வந்தது என அறியவேண்டியதில்லை. இங்கோ வந்த வழியே ஊர்ப்பெயராக நிலைத்திருக்கிறது.

நெடுந்தீவு இதனினும் கூரிய எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அத்தீவில் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் குதிரை வளர்த்தனர். ஆங்கிலேயர் காலத்தின் தொடக்கத்திலும் அது நடைபெற்றது. லாயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. வளர்த்தவர் போனபின் எஞ்சிய குதிரைகள் கட்டாக்காலிகளாகப் பெருகின. அவை காட்டுவிலங்குமல்ல, வீட்டுவிலங்குமல்ல. ‘பிளனற் ஸூ’வில் 2022 இல் வந்த இணைப்பொன்றில் மொங்கோலியக் காட்டுக்குதிரை இடம்பெற்றது. மனிதன் பழக்கியறியாத குதிரை எனக் கருதப்படுவதே அதன் மதிப்பு. பழக்கிப் பின் கைவிட்ட குதிரைக்கு அத்தகைய மதிப்பெண் எதுவுமில்லை. நெடுந்தீவில் நிலம் எவ்விடத்தும் வெறுமையாக இருந்ததில்லை. முருகைக்கற்களை அடுக்கி எழுப்பிய வேலிகள் காணிக்குக் காணி ஓடுகின்றன. அவற்றிடையே மக்களின் மாடும் ஆடும் குதிரையும் ஒரே மேய்ச்சலையும் ஒரே நீரையும் பகிர்கின்றன. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. சுண்ணக்கல்லில் உவர்நீரின்மேல் மிதக்கும் மழைநீரே கிணறு. கோடை நீண்டால் தீவு பாலையாகிறது. குதிரைகள் நீரின்றி வீழ்கின்றன. திரையிலுள்ள குளத்தில் நீர் மாசுபடும், வற்றாது. கம்பர் தொடங்கிய இடத்தில் தொடங்கும் மிருகக்காட்சிச்சாலை விளையாட்டு ஒன்றேனும் ஆக்கப்படின், அதற்கு நெடுந்தீவு ஏற்ற களமாகும்: முதலில் வேலியன்று, கிணறு.

2015 இல் நெடுந்தீவின் ஏறத்தாழ 1,846 எக்டேர் நிலம் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இது தீவின் மூன்றிலொரு பங்கினும் மிகுதி. 1938 முதல் பறவைகள் சரணாலயமாயிருந்த சுண்டிக்குளமும் அவ்வாண்டிலேயே தேசிய பூங்காவாயிற்று. குதிரைகளும் பூநாரைகளும் காப்பாற்றப்பட வேண்டியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் வரைபடத்தில் கோடு வரைந்து உள்ளே இருப்பது இயற்கை என அறிவிக்கும் செயல், புல்வெளியும் நுழைவாயிலுமாகத் தொடங்கும் ஆட்டத்தின் முதற் காட்சியை ஒத்திருத்தல் நோக்கற்பாலது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்து, பல்லாண்டு தம் காணிகளை வேலிக்கு அப்பால் நின்று பார்த்தவர்க்கு வெறுநிலம் என்ற சொல் அத்துணை எளிதாக விளங்காது. அக்காணிகளிலும் புதர் மண்டின, மயில்கள் உலாவின. அதனைக் காடு என்று சொல்ல அவர்கள் உடன்படார்.

இவ்விளையாட்டுகளைத் தள்ளிவிட வேண்டும் என்பது இதன் முடிபன்று. மாணவர் சிலர் விளையாட்டு ஆக்கும் கலையையும் இன்று பயில்கின்றனர். உயிருக்கு ஏற்ற நிலத்தைப் பொறுமையோடு உய்த்துணரும் பயிற்சியை ‘ஸூ ரைக்கூன்’ இடமிருந்தும், உழைப்பவன் களைப்பான் என்ற அறிவை ‘பிளனற் ஸூ’ இடமிருந்தும் அவர்கள் பெறலாம். பெறத் தகாதது ‘பிளனற் ஸூ’வின் மற்றுமொரு பொத்தான். வளர்ந்த விலங்கொன்றைத் தெரிந்து, காட்டுக்கு விடுவிக்க எனப் பணித்தால், அது பெட்டியில் ஏறித் திரையிலிருந்து மறைகிறது. ஆட்டக்காரனின் கணக்கில் பாதுகாப்புப் புள்ளிகள் சேர்கின்றன. அக்காடு எங்குள்ளது, அங்கே நீர் உண்டா, எவர் வாழ்கின்றனர் என்பவை காட்டப்படுவதில்லை. நெடுந்தீவுக் குதிரையை இவ்வாறு விடுவிக்க இயலாது. விடுவிக்கப்பட்டே அது அங்கு நிற்கிறது. அதற்கு அப்பால் கடல்.